மனகோலத்துக்கு எத்தனை சதவீதம் வரி?

அக்கா மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். வருஷா வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாலேயே இங்கிருந்து பலகாரப் பெட்டி கிளம்பிவிடும். மனகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், பேருக்குக் கொஞ்சம் அதிரசம். அதிரசம் போய்ச் சேரும்போது ஆத்தங்குடிக் கல் மாதிரி ஆகிவிடுகிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள், ஆனாலும் அதிரசம் வைக்காமல் பெட்டியை ஒட்ட அக்காவுக்கு மனசு வராது. 2025 தீபாவளிக்கும் அப்படித்தான் ஆறு கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் ஒரு கூரியர் கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி பெட்டியைத் தொடவே இல்லை. "அண்ணே, அமெரிக்காவா? அப்ப முதல்ல இந்த ஃபார்ம்" என்று ஒரு தாளை நீட்டினார். உள்ளே என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை கிராம், என்ன விலை, சுங்கத்துக்கான சரக்குக் கோடு எண் என்ன. பிழைப்புக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவன் நான், எனக்கே கை நின்றுவிட்டது. இங்கே நொறுக்குத் தீனியெல்லாம் 2106 என்ற தலைப்பில் வரும், அதைப் போட்டேன். மனகோலத்துக்கும் அதே, சீடைக்கும் அதே. அதிரசத்துக்கு என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். கடைசியில் அவரே 'ஸ்வீட் ரைஸ் கேக்' என்று எழுதிக்கொண்டார். அக்கா பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

விஷயம் இதுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்கில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்காவில் 50% கூடுதல் வரி விழுந்தது. இரண்டு நாள் கழித்து, 29-ஆம் தேதி, 800 டாலருக்குள் இருக்கிற பொட்டலத்துக்கு வரி கிடையாது என்று அதுவரை இருந்த சலுகையையும் எடுத்துவிட்டார்கள். தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசு 100 டாலருக்குள் இருந்தால் மட்டும் விலக்கு. எங்கள் பெட்டியின் மதிப்பு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய், அதாவது ஐம்பது டாலர் கிட்ட, ஆக வரி இல்லை. ஆனால் வரி இல்லை என்பதைச் சரிபார்ப்பதற்கு என்று 850 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "ஏண்டா, அமெரிக்காக்காரனும் சீனாக்காரனும் அடிச்சுக்கிட்டா என் சீடைக்கு எதுக்குடா காசு?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்குப் பல நாள் ஆயிற்று, சொன்னபோது அவள் பாதியில் எழுந்து போய்விட்டாள், அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

டிவியில் கேட்டால் ஒரே பதில்தான், டிரம்ப் என்கிற அந்த ஆள் அப்படி என்பார்கள். எனக்கு அது போதவில்லை. 2018-ல் டிரம்ப் சீனச் சரக்குக்குப் போட்ட வரியை அடுத்து வந்த பைடன் எடுக்கவில்லை, நாலு வருஷமும் அப்படியே வைத்திருந்தார், போகிற காலத்தில் 2024-ல் சீன மின்சாரக் காருக்கு 100% என்று ஏற்றிவிட்டும் போனார். ஐரோப்பிய ஒன்றியம் பேச்சில் எவ்வளவு பதமானது, அதுவும் அதே 2024 அக்டோபரில் அதே கார்களுக்கு 35.3% வரை கூடுதல் வரி போட்டது. ஆள் மாறியும் கட்சி மாறியும் கண்டமே மாறியும் வரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கோளாறு ஓர் ஆளின் குணத்தில் மட்டும் இருக்க முடியாது, இல்லையா.

எனக்கு இது கொஞ்சம் பிடிபட்டது பழைய சாமான் கடையில். முனீஸ்வரன் கோயில் பக்கம் கடை வைத்திருக்கும் பாய் ஒருவருக்கு நான்தான் கணக்கு. மாதம் ஒரு நாள் பில் கட்டை வாங்கப் போவேன், போனால் டீ வரும், டீ வரும்வரை எதையாவது எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலைக்கதவு, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, மங்குச் சாமான் டிபன் கேரியர். அன்றைக்குக் கையில் எடுத்தது சுவரில் பதிக்கிற ஒரு பூக்கல், ஆறு அங்குலச் சதுரம், ரோஸ் பூவும் பச்சைக் கொடியும் புடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி வார்த்தது, மேலே எண்பது தொண்ணூறு வருஷத்துப் புகை. திருப்பினேன். பின்னால் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தால் 'மேட் இன் ஜப்பான்'. பாய் சிரித்தார். "இத்தாலின்னு நினைச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் வாங்குறாங்க. நானா திருப்பிக் காட்டுறதில்ல."

இது எப்படி இங்கே வந்தது என்று தேடிப் போனால் கதை பெரிசு. முதல் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து சரக்கு வருவது தடைப்பட்டது, அந்த இடத்தில் ஜப்பான் நுழைந்தது. பூக்கல் மட்டுமா, தீப்பெட்டி, கண்ணாடிச் சாமான், எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி. 1930-களின் தொடக்கத்தில் ஜப்பான் துணி இந்தியச் சந்தையில் இங்கிலாந்தின் லங்காஷயர் துணியையும் பம்பாய் மில் துணியையும் சேர்த்து அடித்தது. லண்டன் கத்தியது, பம்பாயும் கத்தியது, வழக்கமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரல். 1933 ஜூனில் பிரிட்டிஷ் இந்திய அரசு பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிக்கு 75% வரி போட்டது. பிரிட்டிஷ் துணிக்கு 25% தான். ஜப்பான் மில்காரர்கள் என்ன செய்தார்கள்? இந்தியப் பஞ்சு வாங்கமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். துணிக்கு வரி, அடி விழுந்தது பருத்தி விவசாயிக்கு. சிம்லாவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்து, டெல்லியில் 1934 ஜனவரியில் ஒரு கணக்குக்கு வந்தார்கள். ஜப்பான் 10 லட்சம் பேல் (பொதி) பஞ்சு எடுத்தால் 32.5 கோடி கஜம் துணி விற்கலாம், 15 லட்சம் பேல் எடுத்தால் 40 கோடி கஜம்.

சரியாக 86 வருஷம் கழித்து, 2020 ஜனவரியில், அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். முன்பு வாங்கியதற்கு மேலே இரண்டு வருஷத்தில் 200 பில்லியன் டாலருக்கு அமெரிக்கச் சரக்கு வாங்குகிறேன் என்று சீனா சொன்னது. சொன்ன அளவுக்கு வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, ஏன் ஒருவன் விற்றுக்கொண்டே இருக்கிறான், இன்னொருவன் வாங்கிக்கொண்டே இருக்கிறான்? வாங்குகிறவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் பொருளாதாரப் பாடத்தில் இருக்கிறது, ஆனால் எனக்கு அது என் ஐயா வழியாகத்தான் முதலில் வந்தது. அப்பாவைப் பெற்ற ஐயா. 1928-ல் பதினாறு வயதில் பர்மாவுக்குப் போனார், பெகுவில் ஒரு செட்டியார் கடைக்குச் சமையல் எடுபிடியாக. 'கொண்டுவிக்கப் போறது' என்று இந்தப் பக்கம் நகரத்தார் வீடுகளில் சொல்வார்கள், சரக்கைக் கொண்டுபோய் விற்கப் போவது. ஐயா போன காலத்தில் அவர்கள் கொண்டுபோனது சரக்கே இல்லை, பணம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், ஒரு சமையல்காரர், மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊர் திரும்பல். கடை என்றால் பலகை மேடை, கைப்பெட்டி, பேரேடு, அவ்வளவுதான்.

அந்தப் பணத்தில்தான் கீழ் பர்மாவில் காடு வெட்டி வயலாக்கினார்கள். உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது, போருக்கு முன்னால் வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் செட்டியார் கடைகள் அங்கே போட்டிருந்த பணத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் முகப்பும் வளவுமாகத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளில் பாதிக்கு மேல் அந்த வட்டிதான் தேக்குத் தூணாக நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

பிறகு உலக மந்தம். நெல் விலை பாதிக்குக் கீழே போயிற்று. கடன் அதே ரூபாயில் நிற்கிறது, நெல் மட்டும் பாதி. ஐயா சொல்வார்: அறுப்பு முடிந்ததும் வாழைத்தாரோடு சிரித்துக்கொண்டு வருகிற பர்மியப் பெரியவர் ஒருவர், அந்த வருஷம் தெருவில் எதிரே வந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாராம். கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிக் கடை அவர் நிலத்தை எடுத்திருந்தது. மேலாளுக்கும் சந்தோஷம் இல்லை. "நமக்கு எதுக்கு வயலு, உழுகவா வந்தோம், பணம் வந்தாப் போதாதா" என்று இரவு சாப்பிடும்போது புலம்புவாராம். இது ஒரு கடையின் கதை. மொத்தமாகப் பார்த்தால், கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6%. 1938-ல் 25%. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, விலை விழுந்ததில் கடன் நிலமாக மாறியது. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த விளக்கமெல்லாம் எதற்கு, அவன் கண்ணுக்குத் தெரிந்தது பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிற வெளியூர்க்காரன். 1942-ல் ஐயா மற்ற லட்சக்கணக்கான பேரோடு நடந்தே வந்தார். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியது. பத்திரங்கள் மட்டும் இங்கே பெட்டகங்களில் பத்திரமாக இருந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் நடுவில் இருப்பதும் அடியில் இந்தக் கணக்குத்தான் என்று நினைக்கிறேன். வாங்கிக்கொண்டே இருக்கிறவன் கடனில் வாங்குகிறான், அந்தக் கடனை விற்கிறவனே கொடுக்கிறான். சீனா விற்றுச் சம்பாதித்த டாலரை என்ன செய்தது? பெரும்பகுதியைத் திரும்ப அமெரிக்க அரசுப் பத்திரத்திலேயே போட்டது. 2013 வாக்கில் அது கிட்டத்தட்ட 1.3 டிரில்லியன் டாலர் வரை போயிற்று. கடைக்காரரே கைமாற்றும் கொடுத்து, "இந்தா, இதுக்கும் என்கிட்டயே வாங்கிக்க" என்கிற மாதிரி. இரண்டு பேருக்கும் கொஞ்ச காலம் ரொம்ப வசதி.

சீனாவின் பக்கம் என்ன கோளாறு என்றால், அங்கே உற்பத்தியாவதில் குடும்பங்கள் செலவழிப்பது ரொம்பக் குறைவு, நாட்டு வருமானத்தில் 40% கிட்டத்தான். அமெரிக்காவில் அது 68%. சீனத் தொழிலாளி உழைக்கிறான், கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை, வங்கியில் போட்டால் சொற்ப வட்டி, கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்தவனுக்கு அங்கே பிள்ளையைப் படிக்கவைக்கவும் வைத்தியம் பார்க்கவும் முழு உரிமை இல்லை, அதனால் நாளைக்கு என்று முடிந்து வைக்கிறான். நம் ஊரில் சீர்ச் சாமான் அறையைத் திறந்து பார்த்தால் தெரியும், உபயோகிக்காத எவர்சில்வர் தூக்கு மட்டும் நாற்பது அடுக்கியிருக்கும், அந்தக் குணம் ஒரு நாட்டுக்கே வந்த மாதிரி. வித்தியாசம், இங்கே அது ஆசை, அங்கே பெருமளவு கட்டாயம். சொந்த ஜனம் வாங்காத சரக்கு வெளியேதான் போயாக வேண்டும். 2024-ல் சீனாவின் சரக்கு வர்த்தக உபரி கிட்டத்தட்ட ஒரு டிரில்லியன் டாலர். ஜெர்மனியும் சின்ன அளவில் இதே வேலையைப் பல வருஷம் செய்திருக்கிறது.

அமெரிக்கப் பக்கக் கோளாறு, சேமிப்பைவிடச் செலவு அதிகம், அரசே பெரிய கடன்காரன். அது சரியாகாத வரை ஒரு நாட்டுக்கு மட்டும் வரி போட்டுப் பிரயோஜனம் இல்லை. 2018-ல் சீனாவோடு அமெரிக்காவுக்கு இருந்த சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை, அதாவது விற்றதற்கு மேல் வாங்கியது, சுமார் 419 பில்லியன் டாலர், 2024-ல் அது 295 ஆகக் குறைந்தது. வெற்றி என்று சொல்வதற்குள் மொத்தப் பற்றாக்குறையைப் பாருங்கள், அது அதே 2024-ல் 1.2 டிரில்லியன், அதுவரை இல்லாத உச்சம். ஒரு வாய்க்காலை அடைத்தார்கள், தண்ணீர் வியட்நாம் வழியாகவும் மெக்சிகோ வழியாகவும் வந்தது.

பர்மாவோடு ஒப்பிடும்போது ஒரு பெரிய வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். பெகு விவசாயியிடம் கடன் ரூபாயில் இருந்தது, ரூபாய் அடிக்கிற அச்சு அவனிடம் இல்லை, கோர்ட்டும் அவனுடையது இல்லை. அமெரிக்காவோ தானே அச்சடிக்கிற டாலரில்தான் கடன் வாங்குகிறது. சீனா எந்தக் கோர்ட்டுக்குப் போய் எந்த வயலை ஜப்தி செய்யும்? அதனால்தான் இங்கே கடன் கொடுத்தவன் பொறுமையாக இருக்கிறான், கடன் வாங்கியவன் சத்தம் போடுகிறான். மேலாள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் அமெரிக்காவில் கோபப்படுகிறவர்களை எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பர் 11. அதற்குப் பிறகு விலை குறைந்த சாமான் எல்லா அமெரிக்கருக்கும் கொஞ்சம் கொஞ்சம் லாபம், நஷ்டமோ சில ஊர்களுக்கு மட்டும் மொத்தமாக. 1999-லிருந்து 2011 வரை சீன இறக்குமதியால் போன வேலைகள் 20 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை இருக்கும் என்று டேவிட் ஆட்டர் முதலான பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். வட கரோலினாவில் மேஜை நாற்காலி செய்த ஊர்கள், துணி நெய்த ஊர்கள். இருபது டாலர் குறைந்த டிவி அந்த வேலைக்கு ஈடாகுமா? கண்டாங்கி நெய்கிற ஒருவரிடம் போய், விசைத்தறிச் சேலை பாதி விலைக்குக் கிடைப்பதால் நாட்டுக்கு மொத்தத்தில் லாபம்தான் என்று சொல்லிப் பாருங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம், ஆனால் குறியீட்டைத் தறியில் பூட்டி நெய்ய முடியாது. லாபம் அடைந்த பக்கத்திலிருந்து நஷ்டப்பட்ட பக்கத்துக்கு எதையாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம், அமெரிக்கா அதைச் சரியாகச் செய்யவில்லை. வெளிநாட்டுக்காரன் மேல் போடுகிற வரி என்பது உள்நாட்டில் தீர்க்காமல் விட்ட பங்காளிச் சண்டைதான், பாதிக்கு மேல்.

பதிலடி கொடுக்கிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். 2018-ல் சீனா சோயாபீன்ஸுக்கு 25% வரி போட்டது ஏதோ சோயா மேல் கோபத்தில் இல்லை, அயோவா மாதிரி மாநிலங்களில் ஓட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் போட்டது. ஐரோப்பா ஹார்லி டேவிட்சனுக்கும் போர்பன் விஸ்கிக்கும் போட்டது, ஒன்று அன்றைய சபாநாயகரின் மாநிலம், இன்னொன்று செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவரின் மாநிலம். அமெரிக்க அரசு தன் விவசாயிகளைச் சமாதானப்படுத்த 28 பில்லியன் டாலர் அறிவித்தது. அதற்குள் சீனா பிரேசிலில் வாங்கப் பழகிவிட்டது.

ஒரு தடவை போட்ட வரி போகவும் போகாது. எனக்குப் பிடித்த கதை கோழிச் சண்டை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மலிவுக் கோழி மேற்கு ஜெர்மனியில் குவிய, ஐரோப்பியர்கள் அதற்கு வரி ஏற்றினார்கள். பதிலுக்கு அமெரிக்கா உருளைக்கிழங்கு மாவு, பிராந்தி, கூடவே சின்ன லாரிகளுக்கும் 25% போட்டது. அறுபது வருஷம் ஆயிற்று, அந்தக் கோழியெல்லாம் எந்தக் குழம்பில் போயிற்றோ, லாரி வரி அப்படியே இருக்கிறது. இதிலிருந்து தப்பிக்க ஃபோர்டு கம்பெனி, துருக்கியில் செய்த வேனைப் பின் சீட்டும் ஜன்னலும் வைத்துப் பயணிகள் வண்டி என்று இறக்கி, துறைமுகத்தைத் தாண்டியதும் சீட்டைக் கழற்றி சரக்கு வண்டியாக விற்றது. கடைசியில் 2024-ல் 365 மில்லியன் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில், அந்த யோசனையைச் சொன்ன புண்ணியவானை ஒரு தடவை பார்க்க ஆசை.

இதுவரை சொன்னதெல்லாம் காசுச் சண்டை. இன்னொன்று இருக்கிறது, அது நாற்காலிச் சண்டை, அதில் விலையும் லாபமும் இரண்டாம் பட்சம். அதற்குச் சீனாதான் வேண்டும் என்பதில்லை. 1980-களில் ஜப்பான் அமெரிக்காவின் கூட்டாளி, அங்கே அமெரிக்கப் படையே நின்றது. அப்போதும் 1981-ல் வருஷத்துக்கு 16.8 லட்சம் காருக்கு மேல் அனுப்பாதே என்று 'தானாக முன்வந்து' ஒத்துக்கொள்ள வைத்தார்கள். 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஓட்டலில் கூடி ஜப்பான் பணமான யென்னின் மதிப்பை ஏற்றிவிட ஏற்பாடு செய்தார்கள். 1987-ல் ஜப்பான் மின்னணுச் சாமான் 300 மில்லியன் டாலர் அளவுக்கு 100% வரி, காரணம் சிப். அதே வருஷம் அமெரிக்க எம்.பி.க்கள் சிலர் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்று தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் உடைத்தார்கள், அந்தக் கம்பெனியின் கிளை ஒன்று சோவியத்துக்கு இயந்திரம் விற்றுவிட்டது என்று. அன்றைக்கு ஜப்பான் பக்கம் இருந்த அந்தச் சிப் பயம்தான் இன்றைக்குச் சீனாவின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2019 மே மாதம் சீனத் தொலைத்தொடர்புக் கம்பெனி ஹுவாவே மேல் தடை, 2022 அக்டோபரில் உயர்ரக சிப்பும் அதைச் செய்கிற இயந்திரமும் சீனாவுக்குப் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு.

சீனா பதிலுக்குக் கையில் எடுத்தது அரிய மண் தனிமங்கள். பேர்தான் அரிய மண், அவ்வளவு அரிதும் இல்லை, ஆனால் அதைச் சுத்திகரிக்கிற வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது. காந்தம் செய்ய அது வேண்டும், காந்தம் இல்லாமல் கார் மோட்டாரும் இல்லை ஏவுகணையும் இல்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க வரி சீனாவுக்கு 145% வரையும், சீன வரி அமெரிக்காவுக்கு 125% வரையும் ஏறியபோது, சீனா ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்று ஒரு அறிவிப்புப் போட்டது. மே மாதம் ஜெனீவாவில் உட்கார்ந்து 30-க்கும் 10-க்கும் இறங்கி வந்தார்கள். வரியைவிட அந்தக் காந்தம்தான் மேஜைக்கு இழுத்து வந்தது என்பது என் ஊகம்.

இதையெல்லாம் கேட்க ஒரு பஞ்சாயத்து உண்டே என்றால், இருந்தது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வில் ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கைக் கேட்கக் குறைந்தது மூன்று பேர். புது ஆள் போட அமெரிக்கா சம்மதிக்காமலேயே இருந்தது, 2019 டிசம்பரில் ஒரே ஒருவர் மிஞ்சினார், அத்தோடு கதவைச் சாத்தியாயிற்று. கீழே தோற்கிறவன் அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் மேல்முறையீட்டு மனுவைப் போட்டுவிட்டால் தீர்ப்பு அந்தரத்தில் தொங்கும்.

நம் கதைக்கு வருவோம். தம்பி மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். செப்டம்பரில் திடீரென்று நாலு நாள் லீவில் வந்து நின்றான். ஓவர்டைம் இல்லை, நைட் ஷிஃப்ட் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து சொன்னான், "பெரியப்பா, சட்டை தைச்சு அட்டைப் பெட்டியில போட்டு வச்சிருக்கோம். அமெரிக்காவுல வாங்குற பையர் அனுப்பாதேங்கிறான். அனுப்புனா வரியில பாதியை நீங்க ஏத்துக்கணும்ங்கிறான்." கணக்குப் போட்டுப் பார்த்தோம். 4 டாலர் சட்டைக்கு ஏற்கெனவே இருந்த வரி போகப் புதிதாக 2 டாலர். அதில் பாதி என்றால் 1 டாலர். ஒரு சட்டையில் அவன் கம்பெனிக்கு நிற்பதே அரை டாலருக்குள். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20%. பிறகு பையர் எங்கே போவான்?

அந்த 50 சதவீதத்தில் பாதி வியாபாரச் சண்டையே இல்லை, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காகப் போட்ட அபராதம். சீனா நம்மைவிட அதிகம் வாங்குகிறது, அதன்மேல் அந்தக் கூடுதல் 25 விழவில்லை. காந்தம் நம்மிடம் இல்லை, சீடைதான் இருக்கிறது. நாமும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் இல்லை, 2019-ல் அமெரிக்கா நமக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையை எடுத்தபோது பாதாம், வால்நட், ஆப்பிள் என்று 28 பொருளுக்கு வரி ஏற்றியவர்கள்தான். 2025 ஆகஸ்ட் 19-ல் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11% வரியை நம் அரசு தற்காலிகமாக எடுத்தது, திருப்பூருக்குக் கொஞ்சம் மூச்சு விட. பருத்தி போடுகிறவர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்தார்கள் என்று டிவியில் யாரும் போய்க் கேட்கவில்லை. 1933-ல் போய்க் கேட்டிருப்பார்களா என்ன.

பையன் நாலாம் நாள் காலை பஸ்ஸில் திருப்பூர் திரும்பினான். பெட்டியும் ஒரு வழியாக நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்தது, பதினோரு நாள். அக்கா மகள் வீடியோவில் வந்தாள், பின்னால் அவள் பிள்ளைகள் டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தன. "மாமா, சோதனை போட்டு ஒட்டியிருப்பாங்க போல, டேப் வேற மாதிரி இருக்கு. மனகோலம் பாதி பொடியாயிருச்சு. தேன்குழலும் உடைஞ்சிருக்கு. அதிரசம் மட்டும் ஒண்ணுமே ஆகல."

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பாத்தியா, அதுக்குத்தான் அதிரசம் வைக்கணும்ங்கிறது." அப்புறம் என் பக்கம் திரும்பி, அந்த 850 ரூபாயைக் கேட்டால் திருப்பித் தருவானா என்று விசாரித்தாள்.